7,000இல் நின்ற கோடு: இங்கிலாந்தின் கொரோனா டாஷ்போர்டில் 15,841 பேர் விடுபட்டது எப்படி?

பின்னணி

2020 செப்டம்பர் கடைசி வாரத்தில் இங்கிலாந்தில் கொரோனாவின் இரண்டாம் அலை ஏறிக்கொண்டிருந்தது. தினமும் மாலையில் அரசின் பொது டாஷ்போர்டில், அதாவது எண்களைக் காட்டும் இணையப் பலகையில், ஒரு எண் வெளியாகும்: இன்று புதிதாகப் பதிவான தொற்றுகள் இத்தனை. செய்தித்தாள்களின் தலைப்பும் தொலைக்காட்சி விவாதமும் அந்த ஒற்றை எண்ணைப் பிடித்தே ஓடின. எந்த ஊரில் கட்டுப்பாட்டை இறுக்குவது என்ற பேச்சுக்கும் அதே தரவுதான் அடிப்படை. தரவைத் திரட்டித் தந்தது பப்ளிக் ஹெல்த் இங்கிலாந்து என்ற பொதுச் சுகாதார அமைப்பு. இனி இந்தக் கட்டுரையில் அது பிஎச்இ.

பரிசோதனைகள் இரண்டு வழிகளில் நடந்தன. மருத்துவமனைகளிலும் பிஎச்இயின் சொந்த ஆய்வகங்களிலும் நடந்தவை ஒரு வழி. பொதுமக்களுக்காகத் தனியார் நிறுவனங்களின் பங்களிப்போடு இயங்கிய பெரிய ஆய்வகங்கள் இன்னொரு வழி. இந்த நிகழ்வு முழுவதும் இரண்டாம் வழியைச் சேர்ந்தது.

தொடக்கத்திலேயே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஆய்வகத்திலிருந்து வந்த தரவு இரண்டு வேலைகளுக்குப் போனது. ஒன்று டாஷ்போர்டு. மற்றொன்று தொற்றாளருடன் நெருங்கிப் பழகியவர்களைத் தேடிப் பிடித்துத் தனிமைப்படுத்தச் சொல்லும் டெஸ்ட் அண்ட் டிரேஸ் சேவை. டாஷ்போர்டில் ஒரு எண் குறைந்தால் அது வெறும் படப்பிழை. தேடும் சேவைக்கு அதே எண் குறைந்தால், தொற்று இருப்பவரோடு வீட்டிலும் வேலையிடத்திலும் இருந்தவர்களுக்குத் தொலைபேசி அழைப்பே போகாது.

தரவு போன பாதை

ஆய்வகங்கள் முடிவுகளை சிஎஸ்வி கோப்புகளாக அனுப்பின. சிஎஸ்வி வெறும் எழுத்துக் கோப்பு; அதில் வரிசைகளுக்கு உச்ச வரம்பு கிடையாது. பிஎச்இயின் தானியங்கி ஓட்டம் அவற்றை எடுத்து எக்செல் வார்ப்புருக்களில் (டெம்ப்ளேட்) ஏற்றியது. அங்கிருந்து மையத் தரவுத்தளம், பிறகு டாஷ்போர்டு, தேடும் சேவை.

வார்ப்புரு பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்தில் இருந்தது. அந்த வடிவத்தில் ஒரு தாளுக்கு 65,536 வரிசைகள்தான், அதாவது 2இன் 16ஆம் அடுக்கு. 2007இல் வந்த எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வடிவம் 10,48,576 வரிசைகளைத் தாங்கும். ஒரு நபரின் பரிசோதனை முடிவு ஒரே வரிசையில் அடங்காமல் பல வரிசைகளைப் பிடித்ததால், ஒரு வார்ப்புருவில் சுமார் 1,400 பேருக்கே இடம் இருந்தது. வகுத்துப் பார்த்தால் ஒருவருக்கு ஏறத்தாழ 47 வரிசை. அந்த எல்லைக்கு மேல் வந்தவர்கள் சத்தமில்லாமல் வெட்டுப்பட்டார்கள்.

பழைய வடிவத்தைப் பயன்படுத்தியதுதான் குற்றம் என்று அப்போது பலரும் சிரித்தார்கள். அது பாதி உண்மை. புதிய வடிவத்துக்கு மாறியிருந்தால் அதே கணக்கில் சுவர் 22,000 பேருக்கு அப்பால் தள்ளிப் போயிருக்கும். சுவர் இருக்கிறது என்பதை யாரும் அறியாத நிலை அப்படியே இருந்திருக்கும். பெரிய கோப்பைக் கையால் திறந்தால், முழுதாக ஏறவில்லை என்று எக்செல் ஓர் எச்சரிக்கைப் பெட்டி காட்டும். தானியங்கி ஓட்டத்தில் அதைப் படிக்க ஆள் கிடையாது. ஓட்டம் நடுவழியில் நின்றுவிடக் கூடாது என்பதற்காக நிரல் எழுதுபவர்கள் அந்தப் பெட்டிகளை அணைத்து வைப்பதும் உலகெங்கும் உள்ள வழக்கம்.

டாஷ்போர்டில் தெரிந்தது

கீழே முதல் எண், அந்தந்த நாள் மாலையில் டாஷ்போர்டில் வெளியான ஐக்கிய ராஜ்ஜியத்தின் மொத்தம். இரண்டாவது, அன்று விடுபட்டதாகப் பிறகு அறிவிக்கப்பட்டது. மூன்றாவது இரண்டின் கூட்டல்.

| 2020 | வெளியானது | விடுபட்டது | இருந்திருக்க வேண்டியது |
|---|---|---|---|
| செப். 25, வெள்ளி | 6,874 | 957 | 7,831 |
| செப். 26, சனி | 6,042 | 744 | 6,786 |
| செப். 27, ஞாயிறு | 5,693 | 757 | 6,450 |
| செப். 28, திங்கள் | 4,044 | 0 | 4,044 |
| செப். 29, செவ்வாய் | 7,143 | 1,415 | 8,558 |
| செப். 30, புதன் | 7,108 | 3,049 | 10,157 |
| அக். 1, வியாழன் | 6,914 | 4,133 | 11,047 |
| அக். 2, வெள்ளி | 6,968 | 4,786 | 11,754 |

எட்டு நாளில் வெளியானது 50,786, விடுபட்டது 15,841. உண்மை மொத்தத்தில் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு காணவில்லை.

கடைசி நான்கு நாட்களை மட்டும் பாருங்கள். 7,143, 7,108, 6,914, 6,968. மிகப் பெரியதற்கும் மிகச் சிறியதற்கும் இடைவெளி 229. ஏறுமுகத்தில் இருக்கும் தொற்று நான்கு நாள் தொடர்ந்து ஏறத்தாழ 3 சதவீத இடைவெளியில் அடங்கி நிற்பது இயல்பல்ல. அதே நான்கு நாளில் உண்மையான எண் 8,558இலிருந்து 11,754க்குப் போயிருந்தது. டாஷ்போர்டு சமவெளியைக் காட்டியது. தரையில் இருந்தது மேடு.

வார ஒப்பீடு இன்னும் மோசமாக ஏமாற்றியிருக்கும். அதற்கு முந்தைய வாரம் செவ்வாய் முதல் வெள்ளி வரை வெளியான எண்கள் 4,926, 6,178, 6,634, 6,874. கடந்த வாரத்தின் அதே நாளோடு ஒப்பிட்டால் வளர்ச்சி 45%, 15%, 4%, 1% என்று நாளுக்கு நாள் சுருங்குகிறது. எந்த நிர்வாகக் கூட்டத்திலும் இந்த வரிசையைக் காட்டினால் வேகம் தணிகிறது என்றுதான் முடிவு செய்வார்கள். சரியான எண்களைப் போட்டால் அதே நான்கு நாளுக்கு 74%, 64%, 67%, 50%. கிழமையோடு கிழமையை ஒப்பிடுவது நல்ல பழக்கம்தான். ஆனால் உள்ளே வரும் தரவு வெட்டுப்பட்டிருந்தால் அந்த நல்ல பழக்கமே பொய்யை அழகுபடுத்தித் தரும்.

விடுபட்ட எண்களின் வடிவமும் ஒரு தடயம். திங்களன்று பூஜ்யம். அன்று மொத்தமும் குறைவு. சுமை கூடக்கூட இழப்பும் கூடுகிறது. ஒரு கோப்பு வராமல் போனால் இழப்பு ஒரேயடியாக, சுமையோடு சம்பந்தமில்லாமல் இருக்கும். எல்லை தட்டி வெட்டுப்பட்டால்தான் சிறிய நாளில் ஒன்றும் போகாமல், பெரிய நாளில் நிறையப் போகும். தரவுப் பிழையைத் தேடுபவர்கள் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது இந்த இரண்டைத்தான்.

கண்டுபிடிப்பும் முதல் முடிவுகளும்

அக்டோபர் 2 வெள்ளி இரவு பிழை கண்டறியப்பட்டது. அதன் பின் எடுக்கப்பட்ட முடிவுகள் நான்கு.

முதலாவது, விடுபட்ட அனைவரின் விவரத்தையும் தேடும் சேவைக்கு உடனே தள்ளிவிடுவது. சனிக்கிழமை அதிகாலை 1 மணிக்குள் இது முடிந்தது. டாஷ்போர்டைச் சரிசெய்வதற்கு முன் செயலில் இறங்குபவர்களுக்குத் தரவைக் கொடுத்தது சரியான வரிசை. தொற்று உறுதியானவர்களுக்கு முடிவு வழக்கம்போல் போய்ச் சேர்ந்திருந்தது. தனிமையில் இருக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். அவர்களோடு பழகியவர்களுக்குத்தான் தகவல் இல்லை. அவர்களைப் பொறுத்தவரை ஒரு வாரம் வரை காலம் கடந்திருந்தது.

இரண்டாவது, டாஷ்போர்டில் என்ன செய்வது என்பது. பழைய நாட்களின் எண்ணைத் திருத்தி எழுதாமல், தேங்கியவற்றை அவை பதிவான நாளிலேயே சேர்த்தார்கள். விளைவு: சனிக்கிழமை 12,872, ஞாயிற்றுக்கிழமை 22,961. வரும் நாட்களின் மொத்தத்தில் பழைய தொற்றுகளும் கலந்திருக்கும் என்ற குறிப்பு டாஷ்போர்டில் வைக்கப்பட்டது. அறிவித்த நாள் அடிப்படையிலான தொடர் என்றால், அன்றன்று பதிவானதை அன்றன்று காட்டுவதுதான் அதன் இலக்கணம். அந்த வகையில் முடிவில் தவறில்லை. மாதிரி எடுத்த நாள் அடிப்படையிலான வரைபடம் தனியே இருந்ததால், தேங்கியவை அங்கே தங்களுக்குரிய நாட்களில் போய் அமர்ந்தன. ஆனால் சனிக்கிழமைக் குறிப்பு இதை வெளியீட்டுத் தாமதம் என்ற அளவில்தான் சொன்னது. அந்தத் தாமதத்தால் எந்தச் செயல் நின்றுபோனது என்பது ஞாயிறு அறிக்கையில்தான் தெளிவானது. டாஷ்போர்டின் குறிப்பில் எண் எவ்வளவு பிசகியது என்பதோடு, அந்த எண்ணை நம்பி நடக்கும் எந்த வேலை பாதிக்கப்பட்டது என்பதும் இருக்க வேண்டும்.

மூன்றாவது, கோப்புகளைச் சிறு தொகுதிகளாக உடைத்து ஏற்றுவது. எல்லாத் தொகுதியும் எல்லைக்குக் கீழே நிற்கும். வார இறுதியில் அமைப்பையே மாற்ற முடியாது என்பதால் இது நியாயமான தற்காலிக ஏற்பாடு. ஆனால் உடைத்தால் புதிய ஆபத்து ஒன்று பிறக்கும்: தொகுதிகளில் ஒன்று தவறிப்போகலாம், அல்லது ஒன்றே இரண்டு முறை ஏறலாம். கோப்புப் பெயரில் ‘7இல் 3’ என்பதுபோல மொத்தத் தொகுதி எண்ணும் வரிசை எண்ணும் இருந்தால்தான் இதைப் பிடிக்க முடியும்.

நான்காவது, தொலைபேசியில் தேடும் பணிக்குப் போதிய ஆட்கள் இருப்பதை உறுதிசெய்தது. இது டாஷ்போர்டுக்கு வெளியே உள்ள விஷயம்.

பின்விளைவு

திங்கட்கிழமை, அக்டோபர் 5 அன்று, நாடாளுமன்றத்தில் சொல்லப்பட்ட கணக்குப்படி, விடுபட்டவர்களில் 51 சதவீதத்தினரை அதற்குள் அழைத்து அவர்களின் தொடர்புகளைக் கேட்டிருந்தார்கள். மீதிப் பாதி இன்னும் பாக்கி.

வட்டார அளவில் படம் புரண்டது. மான்செஸ்டரில் அக்டோபர் 1இல் முடிந்த வாரத்துக்கு ஒரு லட்சம் பேருக்கு 495.6 தொற்று என்று வந்தது. அதற்கு முந்தைய வாரம் 223.2. லிவர்பூல் 287.1இலிருந்து 456.4. கட்டுப்பாடுகளைப் பற்றி முடிவெடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு இந்த எண்கள் சில நாட்கள் முன்பே கிடைத்திருக்க வேண்டியவை.

இழப்பு எல்லா வட்டாரங்களிலும் ஒரே அளவில் இல்லை. அந்த ஏற்றத்தாழ்வையே இயற்கைச் சோதனையாக, அதாவது யாரும் திட்டமிடாமல் தானே அமைந்த ஒப்பீடாக, எடுத்துக்கொண்டு வார்விக், ஹார்வர்டு பல்கலைக்கழகங்களின் பொருளாதார ஆய்வாளர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். தேடப்படாமல் விட்டதோடு தொடர்புடைய கூடுதல் தொற்றுகள் 1,25,000க்கு மேல், கூடுதல் இறப்புகள் 1,500க்கு மேல் என்பது அவர்களின் மதிப்பீடு. மதிப்பீடு என்பதை மறக்கக் கூடாது. ஆனால் வரிசை எண்ணிக்கையைச் சரிபார்க்காததன் விலையை இவ்வளவு நேரடியாக அளக்க வாய்த்த நிகழ்வுகள் அரிது.

பிஎச்இ 2021 அக்டோபரில் கலைக்கப்பட்டு அதன் பணிகள் வேறு அமைப்புகளுக்குப் போயின. அந்த முடிவு 2020 ஆகஸ்டிலேயே அறிவிக்கப்பட்டுவிட்டது. இந்தப் பிழையின் தண்டனை அது என்று எழுதுவது தவறு.

என்ன மாற வேண்டும்

விற்பனை, சரக்கு, வசூல் என எந்த டாஷ்போர்டாக இருந்தாலும் இந்த நிகழ்விலிருந்து நேரே எடுத்துக்கொள்ளக்கூடிய வேலைகள் இவை. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒன்றே: வந்த தரவை மட்டும் காட்டும் பலகை போதாது, வராததையும் அது காட்ட வேண்டும்.

*ஏற்றப் பதிவேடு.* டாஷ்போர்டின் பின்னால் ஒரு தனி அட்டவணை. ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு வரிசை. அதில் இருக்க வேண்டியவை: கோப்பின் பெயர், அனுப்பியவர், அனுப்பியவர் சொன்ன எண்ணிக்கை, கோப்பில் எண்ணிய வரிசைகள், தரவுத்தளத்தில் ஏறியவை, நிராகரிக்கப்பட்டவை, ஏறிய நேரம். விதி எளிது. அனுப்பியது, ஏறியதும் நிராகரித்ததும் சேர்ந்த கூட்டலுக்குச் சமமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தக் கோப்பு நிற்கட்டும். சம்பளம், தவணை போன்றவற்றை மொத்தமாக நகர்த்தும் நம் வங்கிகளின் நாச் (NACH) பரிவர்த்தனைக் கோப்புகளில் தலைப்பு வரியிலேயே மொத்தப் பதிவுகளும் மொத்தத் தொகையும் எழுதியிருப்பது இதற்காகத்தான். பணம் என்றால் ஒரு ரூபாய் விட மாட்டோம். மற்றத் தரவுக்கும் அதே கணக்கு வேண்டும்.

வரிசையை மட்டும் எண்ணினால் போதாது. இந்த நிகழ்வைப்போல ஒருவருக்குப் பல வரிசைகள் என்றால் தனித்தனி நபர்களையும் எண்ண வேண்டும். வெட்டு ஒரு நபரின் நடுவில் விழலாம். அவர் எண்ணிக்கையில் இருப்பார், அவருடைய பாதி விவரம் இருக்காது. ஒவ்வொரு கோப்பிலும் கடைசி நபரின் வரிசைகளை வழக்கமான அளவோடு ஒப்பிடும் ஒரு சோதனை இதைப் பிடித்துவிடும். விலைப்பட்டியல்களுக்கும் இதுவே: பில் எண்ணிக்கை ஒன்று, பில்லில் உள்ள பொருள் வரிகள் இன்னொன்று, தொகை மூன்றாவது. மூன்றும் சரிவர வேண்டும்.

*வேறு பாதையில் வந்த எண்ணோடு ஒப்பீடு.* இந்த நிகழ்வில் மிகவும் வருத்தம் தருவது இதுதான். தொற்றாளர்களுக்கு முடிவு ஒழுங்காகப் போனது என்றால், எத்தனை பேருக்குத் தொற்று உறுதி என்ற தகவல் போனது என்ற எண் வேறொரு பாதையில் இருந்தது என்று பொருள். நாளுக்கு ஒருமுறை அந்த எண்ணையும் டாஷ்போர்டுக்கு வந்த எண்ணையும் கழித்துப் பார்த்திருந்தால் முதல் நாளே 957 துருத்திக்கொண்டு நின்றிருக்கும். நிறுவனங்களில் இப்படிப்பட்ட இணைப் பாதைகள் எப்போதும் உண்டு. மாத விற்பனை டாஷ்போர்டை, ஜிஎஸ்டி விற்பனைக் கணக்குப் படிவமான ஜிஎஸ்டிஆர்-1இல் காட்டிய தொகையோடு பொருத்திப் பார்க்கலாம். விற்ற பின் பில் தொகையைக் குறைக்கும் கிரெடிட் நோட்டுகளால் வரும் வித்தியாசத்தைத் தனி வரியாக எழுதி, அதற்கு மேலும் மிஞ்சுவதைத் தேடலாம். கிடங்கிலிருந்து போன டெலிவரி சலான்களை பில் எண்ணிக்கையோடு பொருத்தலாம். வித்தியாசம் பூஜ்யமாக இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு வாரமும் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தால் போதும்.

*எல்லைகளின் பட்டியல்.* தரவு போகும் பாதையில் ஒவ்வொரு கருவிக்கும் உள்ள உச்ச வரம்பை ஒரு தாளில் எழுதி வைக்க வேண்டும். எக்செல் தாளுக்கு 10,48,576 வரிசை, பழைய வடிவத்துக்கு 65,536, ஒரு கட்டத்துக்கு (செல்) 32,767 எழுத்து. மைக்ரோசாஃப்டின் டாஷ்போர்டு மென்பொருளான பவர் பிஐயில் ஒரு படத்திலிருந்து தரவை ஏற்றுமதி செய்தால் சிஎஸ்வியில் 30,000 வரிசை, எக்செலில் 1,50,000 வரிசை. அதை வாங்கித் தனியாகக் கணக்குப் போடும் மேலாளரின் கூட்டுத்தொகை டாஷ்போர்டோடு ஏன் ஒத்துவரவில்லை என்ற சண்டைகளில் பல இங்கே தொடங்குபவை. அதே மென்பொருளில் தரவைச் சீர்செய்யும் பகுதியான பவர் குவெரியில் பத்தியின் தரத்தைக் காட்டும் பட்டை இயல்பாக முதல் 1,000 வரிசைகளை மட்டுமே பார்க்கும். பிழை 0% என்று அது சொல்வதை நம்பும் முன், கீழே உள்ள நிலைப்பட்டையில் முழுத் தரவுத் தொகுப்புக்கு மாற்ற வேண்டும். அங்கே பிழையான கட்டங்கள் டேட்டா மாடலில் ஏறும்போது வெறுமையாகிவிடும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

எல்லை தெரிந்ததும் அதன் 80 சதவீதத்தில் ஓர் எச்சரிக்கை. 1,400 பேர் எல்லை என்றால் 1,120இல். தொற்று ஏறிய வேகத்தில் அது சில நாட்கள் அவகாசம் தந்திருக்கும்.

*அசையாமைக்கும் எச்சரிக்கை.* பெரும்பாலான டாஷ்போர்டுகளில் எண் துள்ளினாலோ விழுந்தாலோதான் மணி அடிக்கும். அசையாமல் நின்றால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கடந்த நான்கு வேலை நாட்களின் உச்சத்துக்கும் நீச்சத்துக்கும் உள்ள இடைவெளியை எடுத்து, முந்தைய சில வாரங்களில் அதே கணக்கில் வந்த இடைவெளிகளோடு ஒப்பிடலாம். மிகச் சிறியதைவிடவும் சிறியதாக வந்தால் குறி காட்டட்டும். இதில் பொய் எச்சரிக்கைகள் வரும். அவற்றைப் பொறுத்துக்கொள்வது மலிவு. மொத்தத்தில் மட்டும் பார்க்காமல் அனுப்புநர் வாரியாகவும் பார்த்தால் இன்னும் கூர்மை. ஒரே கோப்பின் எண்ணிக்கை இரண்டு நாள் அச்சாக ஒன்றாக வந்தால் அது எல்லை தட்டியிருக்கிறது, அல்லது நேற்றைய கோப்பே மறுபடி வந்திருக்கிறது.

*இரண்டு தேதிகள்.* நிகழ்ந்த நாளும் பதிவான நாளும் தனித்தனிப் பத்திகளாகத் தரவுத்தளத்தில் இருக்க வேண்டும். போக்கைக் காட்டும் வரைபடம் நிகழ்ந்த நாளை வைத்து. வேலைச்சுமையையும் தாமதத்தையும் காட்டும் வரைபடம் பதிவான நாளை வைத்து. நிகழ்ந்த நாள் வரைபடத்தில் கடைசிச் சில நாட்கள் எப்போதும் தாழ்ந்தே தெரியும், ஏனென்றால் முடிவுகள் இன்னும் வந்துகொண்டிருக்கும். இங்கிலாந்து டாஷ்போர்டு கடைசி 5 நாட்களை முழுமையற்றவை என்று பிரித்துக் காட்டியது. எத்தனை நாளைச் சாம்பல் நிறத்தில் போடுவது என்பதை ஊகிக்கத் தேவையில்லை. செங்குத்தில் நிகழ்ந்த நாள், கிடையில் எத்தனை நாள் தாமதித்து வந்தது என்று ஒரு முக்கோண அட்டவணை போடுங்கள். மொத்தத்தில் 95% எந்தத் தாமதத்துக்குள் வந்து சேர்கிறதோ அதுவரை சாம்பல். இந்த முக்கோணத்துக்கு இன்னொரு பயன்: ஒரு மூலைவிட்டம் முழுவதும் மெலிந்தால் அன்றைய ஏற்றத்தில் கோளாறு.

*முழுமை ஓடு (டைல்).* தலைப்பு எண்ணின் அடியில், அந்த எண் இருக்கும் அதே ஓட்டுக்குள், இரண்டு வரி: வர வேண்டிய கோப்புகளில் எத்தனை வந்தன, கடைசியாக எப்போது வந்தது. பக்கத்தின் அடிக்குறிப்பில் போட்டால் படிப்பவர் இல்லை. பதிவேட்டில் கணக்கு உதைத்தால் எண் சாம்பலாகி, பக்கத்தில் ‘முழுமையில்லை’ என்று எழுத்தில் வரட்டும். ஏற்ற இறக்க அம்புக்குறி அப்போது மறைந்துவிட வேண்டும். முழுமையற்ற எண்ணுக்கு அம்பு போடுவதுதான் ஆபத்தான பொய். சிவப்பு, பச்சை நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 12 பேருக்கு ஒருவர் அந்த இரண்டையும் பிரித்தறியச் சிரமப்படுபவர்.

*தேங்கியது வந்து சேரும் நாள்.* அக்டோபர் 4இன் 22,961ஐப் பார்த்தவர்களில் குறிப்பைப் படிக்காதவர்கள் ஒரே நாளில் தொற்று கிட்டத்தட்ட இரட்டித்ததாகத்தான் எண்ணியிருப்பார்கள். அடுக்குப் பட்டையாக, புதியது ஒரு நிறம், தேங்கி வந்தது வேறு நிறம் என்று போட்டால் குறிப்புக்கே அவசியம் குறையும். 2020 ஜூலை 22 அன்று தமிழ்நாட்டு அறிக்கையில் விடுபட்ட 444 இறப்புகள் சேர்க்கப்பட்டபோது, அன்றைய 74 இறப்புகளும் பழைய 444உம் பிரித்தே சொல்லப்பட்டன. அந்தப் பிரிப்பு தலைப்பு எண்ணிலேயே தெரிய வேண்டும்.

ஏழு நாள் சராசரியையும் கவனிக்க வேண்டும். பதிவான நாளை வைத்துப் போட்டால், அக்டோபர் 2இல் சராசரி 6,273. உண்மையில் 8,399 இருந்திருக்க வேண்டும். அக்டோபர் 4இல் அது 9,716க்குத் தாவுகிறது. அந்த இரண்டு பெரிய நாட்களும் அடுத்த ஒரு வாரம் சராசரிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும்; அவை வெளியேறும் நாளில், தரையில் எதுவும் மாறாமலே கோடு சரியும். ஆக ஒரே பிழை மூன்று பொய்களைப் பெறுகிறது: முதலில் சமவெளி, பிறகு செங்குத்து, பிறகு இல்லாத இறக்கம். தேங்கியவை வரும்போது சராசரியை நிகழ்ந்த நாளுக்கு மாற்றிக் கணக்கிடுவது ஒன்றே வழி.

*அழைப்பு யாருக்கு.* பதிவேடு உதைத்ததும் ஒரு குறிப்பிட்ட நபருக்கு அழைப்பு போக வேண்டும். பொது மின்னஞ்சல் பெட்டிக்கு அல்ல. அவர் இல்லாத நாளில் அடுத்தவர் யார் என்பதும் பதிவேட்டிலேயே இருக்கட்டும். வெளியீட்டை நிறுத்தும் அதிகாரம் அவருக்கு இருக்க வேண்டும். மாலை நாலு மணிக்கு எண் வந்தாக வேண்டும் என்று எல்லோரும் காத்திருக்கும் இடத்தில், அந்த அதிகாரம் எழுத்தில் இல்லையென்றால் எவரும் நிறுத்தத் துணிய மாட்டார்கள்.

*வேண்டுமென்றே ஒரு சோதனை.* மாதம் ஒருமுறை, சோதனைச் சூழலில், எல்லையைவிட 100 வரிசை கூடுதலான கோப்பு ஒன்றை வழக்கமான பாதையில் அனுப்பிப் பாருங்கள். கடைசி வரிசையில் எளிதில் தேடக்கூடிய ஓர் அடையாள எண் இருக்கட்டும். டாஷ்போர்டு நிற்க வேண்டும், உரியவரின் தொலைபேசி ஒலிக்க வேண்டும், பதிவேட்டில் 100 என்ற வித்தியாசம் தெரிய வேண்டும். இந்த மூன்றில் ஒன்று நடக்காவிட்டாலும் அன்றைக்கே பாதையைத் திறந்து பார்த்துச் சரிசெய்ய வேண்டும். அதோடு 99 வரிசை குறைவான கோப்பையும் ஒருமுறை அனுப்புங்கள். அது எந்தத் தடையும் இல்லாமல் ஏற வேண்டும், 80 சதவீத எச்சரிக்கை மட்டும் எரிய வேண்டும்.